பித்தம் என்று நான் சொன்ன ஒன்பது நாட்கள்

என் கண்ணே,

போன வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நீ பேசியபோது நான் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். "அம்மா, அவங்க வீட்ல பேசிட்டேன். என்னைத் தாரை வார்த்துக் கொடுக்க நீதான் நிக்கணும்னு சொல்லிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. அப்பா இல்லன்னா என்னம்மா, நீ இருக்கியே" என்று ஒரே மூச்சில் சொன்னாய். மீட்டர் ஓடுகிறது என்று உடனே வைத்தும் விட்டாய். அம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று ஹாஸ்டல் தோழிகளிடம் சொல்லியிருப்பாய். தொண்டை அடைத்தது வாஸ்தவம்தான். ஆனால் நீ நினைக்கிற காரணத்தால் இல்லை.

உன் அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. உன் கல்யாணத்தில் அப்பாவின் அண்ணன் படப்பை பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் மணையில் உட்காருவார்கள் என்பது நம் வீட்டில் யாரும் பேசாமலே முடிவான விஷயம். தாலி இல்லாதவள் மணைக்குப் பக்கத்தில்கூட வரக்கூடாது, ஜோடியாக இருப்பவர்கள்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும், அதுதானே வழக்கம். இந்த நாலு வருஷமும் வெளியே தலையாட்டிக்கொண்டு உள்ளே வெந்துகொண்டிருந்தேன். நீ போனில் அப்படிச் சொன்னதும் என் கண் முன்னால் வந்தது உன் முகம் இல்லை. பெரியம்மாவின் முகம். 'அக்கா, இந்தத் தடவை நான்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நாற்பத்தைந்து வயதில், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை வைத்துக்கொண்டு, எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு அதுதான்.

எனக்குப் பெரியம்மாவின் மேல் பொறாமை என்று உனக்குத் தெரிந்திருக்கலாம். எவ்வளவு என்று தெரியாது. உனக்குக் காது குத்தியபோது மாமன் மடியில்தான் உட்காரவேண்டும் என்று எல்லாரும் சொல்லியும் நீ பெரியம்மாவின் முந்தானையை விடாமல் அழுதாயே, அன்றைக்கு நான் பந்தியில் உட்காரவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் என்னிடம் சொல்லிவிட்டு உடனே படப்பைக்குப் போன் போட்டாய். அந்தப் போனில் உன் குரல் என்னிடம் பேசியதைவிட ஒரு பங்கு கூடுதலாகத் துள்ளியது. இதையெல்லாம் ஒரு தாய் கவனிப்பாளா என்றால், நான் கவனித்தேன். மறக்கவும் இல்லை.

இப்போது எழுதப்போவதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

கல்யாணமான மறு வருஷமே எனக்கு டி.பி. வந்தது என்பது உனக்குத் தெரியும். குரோம்பேட்டை வாடகை வீட்டில் இருந்தோம். தனியார் டாக்டர் ஒருவர் பெரிய சிவப்புக் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். "யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க. கோர்ஸ் முடியறவரைக்கும் குழந்தை மட்டும் வேண்டாம்" என்றார். அதனால் நானும் உன் அப்பாவும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கருத்தடை மாத்திரை வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டோம். ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டேன். அப்படியும் நீ வந்துவிட்டாய். உன் அப்பா என்னைத்தான் திட்டினார். "ஒரு மாத்திரையை ஒழுங்கா போடத் தெரியலையா உனக்கு?" என்று கேட்டார். நான்தான் எங்கேயோ ஒரு நாள் மறந்திருப்பேன் என்று நானே நம்பினேன்.

நீ பிறந்தபோது எனக்குச் சளியில் கிருமி இல்லை. குழந்தை அம்மாவிடம் இருக்கலாம், பாலும் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நம் வீட்டில் யார் கேட்டார்கள்? டி.பி.க்காரி தூக்கினால் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. பதினாறாம் நாள் பெரியப்பாவோடு டாக்ஸியில் வந்து, உன்னைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, "ஒரு வருஷம் தாண்டி, ஒன் ஒடம்பு தேறட்டும், புள்ள எங்க போயிடப் போவுது?" என்றார். நான் தடுத்திருக்க வேண்டும். டாக்டர் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் முதல் தப்பு. பால் கட்டிக்கொண்டு மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தேன்.

ஒரு வருஷம் இரண்டாகி, மூன்றைத் தொடப்போனது. வீடு வெறிச்சென்று இருந்ததால் டி.பார்ம். சேர்ந்தேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்திருந்தது உதவியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாம்பரத்தில் பஸ் பிடித்துப் படப்பைக்கு வருவேன். சந்தைத் தெருவில் பெரியப்பாவின் உரக்கடைக்குப் பின்னால் வீடு. நீ வாசலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, சித்தி வந்துட்டாங்க" என்று உள்ளே ஓடுவாய். அம்மா என்றால் அவர். சித்தி என்றால் நான். பெரியம்மா உன்னைத் திருத்துவார், அதையும் சொல்லவேண்டும். "அதுதாண்டி அம்மா, நான் பெரிம்மா" என்பார். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

டி.பார்ம். வகுப்பில்தான் கல்லீரலைப் பற்றிப் படித்தேன். நாம் விழுங்குகிற மருந்தை உடம்பு அப்படியே வைத்துக்கொள்வதில்லை. கல்லீரல் அதைப் பிடித்து, தன்னிடம் இருக்கிற என்சைம்களால் உடைத்து, வீரியம் போகச் செய்து, தண்ணீரில் கரையும்படி மாற்றி வெளியே தள்ளுகிறது. கொஞ்சம் இரத்தத்தின் வழியாகச் சிறுநீருக்குப் போகும். கொஞ்சம் பித்தநீரோடு சேர்ந்து குடலுக்குப் போகும். பித்தம் என்றால் நம் ஊரில் வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் திட்டு வாங்குகிற ஒன்று. உண்மையில் அது பாவம், வீட்டுக் குப்பையைத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொட்டிவிட்டு வருகிற வேலையைச் செய்கிறது. குடலுக்குப் போனதிலும் கொஞ்சம் மறுபடி இரத்தத்துக்கே திரும்பி வந்துவிடும் என்று வாத்தியார் சொன்னார். எனக்கு அந்த இடம் நன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பொறாமையைப் படப்பையிலேயே விட்டுவிட்டு வருவதாக நினைப்பேன், தாம்பரம் வருவதற்குள் அது என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் வாத்தியார் போர்டில் எழுதினார். நான் சாப்பிட்ட அதே சிவப்புக் கேப்சூல், கல்லீரலை முடுக்கிவிட்டு அந்த என்சைம்களை அதிகமாக உண்டாக்க வைக்கும். அதனால் கூடச் சாப்பிடுகிற வேறு சில மருந்துகளை அது வேலை செய்ய விடாமல் சீக்கிரமே உடைத்துத் தள்ளிவிடும். உதாரணத்துக்கு என்று எழுதியது, கருத்தடை மாத்திரை. நான் பேனாவை வைத்துவிட்டேன். நான் ஒரு நாளும் மறக்கவில்லை. மாத்திரை உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது, என் கல்லீரல்தான் உனக்காக அதை அள்ளி வெளியே போட்டிருக்கிறது. என் உடம்பு எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. நீ வேண்டாம் என்று ஒரு மாத்திரை சாப்பிட்டேன் என்பதற்காக வருத்தப்படாதே. உன்னை நான் எவ்வளவு கேட்டிருந்தாலும் இவ்வளவு சரியாக நீ வந்திருக்க மாட்டாய். அன்று மாலை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரி, தப்பு என் மேலதான்" என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

படிப்பு முடிந்ததும் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் வேலை கிடைத்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு இருந்திருக்கிறது. கல்யாணம் தட்டிப்போகும் என்று மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் பிறகு தெரியவந்தது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டால் வராது. "இந்த ஊர்க் கடைல வாங்கினா நாளைக்கே சந்தைக்குத் தெரிஞ்சுடும். நீ வாங்கியாந்து குடுடி. ஒன்ன நம்பித்தான் சொல்றேன், யாராண்டயும் மூச்சு உடாத" என்றார். மாதாமாதம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

உனக்கு மூன்று வயது நடந்தபோது அவர் கழுத்தில் கட்டி வந்தது. டி.பி. கட்டிதான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். என்னிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போன அதே வியாதி அவருக்கு வந்திருக்கிறது, இனிமேல் குழந்தையைத் தந்துதானே ஆகவேண்டும்? அப்படி நினைத்துக்கொண்டு உனக்கு இரண்டு கவுன்கூட வாங்கிவிட்டேன். ஆனால் அது இருமலில் பரவுகிற டி.பி. இல்லை. "கழுத்துலதானே கீது, இருமலா வருது? டாக்டரே புள்ள இருக்கலாம்னுட்டாரு" என்று பெரியம்மா உன்னைத் தரவில்லை. எனக்கும் டாக்டர் அதையேதான் சொன்னார். என் டாக்டர் சொன்னது செல்லவில்லை, அவர் டாக்டர் சொன்னது செல்லுபடியானது. வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அவருக்கு டாக்டர் கொடுத்த மருந்தில் என்னுடைய சிவப்புக் கேப்சூல் இல்லை. ஊசியும் வேறு மாத்திரைகளும் இருந்தன. வலிப்பு மாத்திரை சாப்பிடுவதை அவர் அந்த டாக்டரிடம் சொல்லவில்லை. மறைத்தே பழகியவர். மூன்று வாரம் கழித்து நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். நாக்குக் குழறியது. என்னைப் பார்க்கும்போது இரண்டு கண்மணியும் பக்கவாட்டில் துடித்தன. பக்கத்து வீட்டு அம்மா இஞ்சிச் சாற்றில் தேன் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். "பித்தம் தலைக்கேறிக்கினு ஆட்டுது, வெறும் வயித்துல மூணு நாள் குடிச்சா எறங்கிடும்" என்றார்.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. டி.பி. மாத்திரைகளில் ஒன்று, வலிப்பு மாத்திரையை உடைக்கிற என்சைமைத் தடுத்துவிடும். என் கல்லீரல் அதிகமாக வேலை செய்ததென்றால் அவருடையது வேலை செய்ய முடியாமல் நின்றது. உடைந்தால்தான் பித்தத்தோடு போகும். உடையாததால் வலிப்பு மருந்து இரத்தத்திலேயே தங்கி, நாளுக்கு நாள் ஏறி, அவரைத் தள்ளாட வைத்தது. எல்லாரும் பித்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த மருந்து பித்தத்துக்குப் போய்ச் சேராததுதான் அங்கே கோளாறு. இரண்டு மாத்திரையையும் அவர் சாப்பிடுகிறார் என்பதும், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் சேர்த்துத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது பெரியம்மா சொன்னார்: "தலை நிக்க மாட்டேங்குதுடி. புள்ளைய தூக்கினா வுட்டுடுவேனோன்னு பயமா கீது. நாலு நாளு ஒன் வூட்டுக்கு இட்டுக்கினு போறியா?"

நான் திறந்த வாயால் சொன்னது இதுதான்: "பித்தம்தான்க்கா. இஞ்சிச் சாறு குடிங்க."

உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நடுவில் பெரியப்பா கடைப் பையன் மூலம் "இன்னும் தலைசுத்தல் நிக்கல" என்று சொல்லி அனுப்பினார். "எலுமிச்சம்பழமும் கொடுங்க" என்று பதில் அனுப்பினேன். மருந்துக் கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் எந்த மாத்திரையோடு எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய். பத்தாம் நாள் பெரியம்மா கிணற்றடியில் விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. இன்னும் இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் கிணற்றுக்குள் போயிருப்பார். செய்தி வந்ததும் ஓடினேன், டாக்டரிடம் இரண்டு மருந்தையும் சொன்னேன். அவர் வலிப்பு மாத்திரையை நிறுத்தி வைத்து, பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் பெரியம்மா நேராக நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரிந்த கதை. 'உங்கம்மா படிச்ச படிப்புதான் என் உசுரக் காப்பாத்துச்சு' என்று பெரியம்மா உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நன்றிக்கடனாக அவரே உன்னை என் கையில் பிடித்துக் கொடுத்தார். "ஒன் புள்ளைய நீயே வெச்சுக்க. கை ஒடஞ்சவ, நான் எங்க தூக்கப்போறேன்?" என்றார். அவர் மணிக்கட்டு ஏன் கோணலாக இருக்கிறது என்று நீ கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பார். நான் தெரிந்தே ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. இந்தப் பதினேழு வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்த ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் வேறு வேலை பார்ப்பேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

நீ போன் செய்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்ததாக நினைத்தேனே, எதை வைத்து ஜெயித்தேன் என்ற கேள்வி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போனேன். பெரியம்மா உன் சீர்ப் பாத்திரங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரிந்தும் சொல்லவில்லை அக்கா, குழந்தை என்னிடம் இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அவர் கையிலிருந்த குத்துவிளக்கைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த ஒம்போது நாளும் புள்ள ஒன்னாண்ட நல்லா தூங்கிச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லக்கா. அம்மா, அம்மான்னு அழுதா. உங்களத்தான் கூப்பிட்டா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது, கண்ணே. நான் செய்த அநியாயத்தைக் கேட்ட சூடு ஆறுவதற்குள், கண்ணில் தண்ணீரோடு அந்த முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? நிம்மதி, இரக்கம், எதுவாவது ஒன்று. எனக்குப் பொறாமைதான் வந்தது. அப்போதும்.

கொஞ்ச நேரத்தில் அந்த மலர்ச்சி போய்விட்டது. "போயிட்டு வா" என்றார். காபி சாப்பிடச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து காபி குடிக்காமல் நான் கிளம்பியது அன்றைக்குத்தான். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நீ அவரிடம் கேட்காதே, எனக்காகத் தூதும் போகாதே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் தாயாயிற்றே, இரண்டு விஷயம் சொல்லாமல் விடமாட்டேன். எந்த டாக்டரிடம் போனாலும் நீ சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் சொல், வெட்கத்துக்காக ஒன்றைக்கூட மறைக்காதே. நாளைக்கு உன் மாமியார் மேலோ, உன் புருஷன் பார்த்துச் சிரிக்கிற யார் மேலோ உனக்குப் பொறாமை வந்தால், எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. சண்டை வரும், வரட்டும். பொழிச்சலூரில் உன் மாமியார் வீட்டு மேல் விமானம் போகிற சத்தத்தில் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது. நான் அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தை அக்காவிடம் சொல்லியிருந்தால், அவர் என்னைத் திட்டியிருப்பார், கை உடைந்திருக்காது.

இப்போது கல்யாண விஷயம். சம்பந்தி வீட்டில் நீ எனக்காகப் பேசியதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். ஆனால் அந்த இடத்தில் நான் நிற்கமாட்டேன். தாலி இல்லாதவள் என்பதற்காக இல்லை, அந்த வழக்கத்தைத் தூக்கிக் குப்பையில் போடு. உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கிற உரிமை, உன்னைத் தன் கையாலேயே ஒரு தடவை திருப்பிக் கொடுத்தவருக்குத்தான் உண்டு. நீயே படப்பைக்குப் போய் அவரைக் கூப்பிடு. என் பெயரைச் சொல்லாமல் உன் ஆசையாகக் கூப்பிடு, வருவார். உனக்காக அவர் எதற்கும் வருவார், அதுதானே என் வயிற்றெரிச்சலே.

நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். உன் கைமேல் அவர் தண்ணீர் வார்க்கும்போது என் கண்ணிலிருந்து கொட்டும். ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். நீ நம்பாதே.

உன்னைப் பெற்ற,
அம்மா